இரண்டு ஊரிலும் பேர் உள்ளவள்

லிங்கராஜபுரம், பெங்களூர்
7 மார்ச் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் சர்க்கரையும் உங்கள் பிடிவாதமும் அங்கே எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

நீங்கள் ஜூனில் ரிட்டையர் ஆகி வருவதற்குள் மாடியை ஆள் குடியிருக்கிற மாதிரி ஆக்கிவிடுவேன் என்று சொல்லித்தானே ஜனவரியிலேயே முன்னால் வந்தேன்? ஆக்கிவிட்டேன். வெள்ளையடித்தாயிற்று. தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது நின்றது. கீழ்வீட்டிலிருந்து தம்பி ஞானராஜும் அவன் பெண்டாட்டி விஜியும் வேளாவேளைக்கு எதையாவது கொடுத்தனுப்பி என்னைக் குண்டாக்குகிறார்கள். அந்த இங்கிலாந்துக் குளிரில், லெஸ்டர் ஆஸ்பத்திரியில் கால் வீங்க வீங்க நின்று கட்டிய வீடு, அத்தான். காலையில் ஜன்னலைத் திறந்தால் ரயில்வே கேட் மூடுகிற மணி கேட்கிறது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன், எழுந்து காப்பி போட மனசே வரவில்லை.

நேற்று காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போனேன். நான் பஸ் ஏறுகிற அந்த ஸ்டாப்பில் இப்போது ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நர்ஸிங் படிக்கிறபோது நான் சர்ச் முனையில் ஓடி வருவதைப் பார்த்துவிட்டால், நீங்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நிற்பீர்களே! டிரைவர் வெங்கடராமன் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்துவாரே! டிக்கெட் எடுக்கவில்லை என்று சொந்தத் தாய்மாமனையே நடுவழியில் இறக்கிவிட்ட கண்டக்டர், எனக்காக ஒரு பஸ் ஜனத்தை நிறுத்தி வைத்தார். அதில் மயங்கித்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன், வேறு எதில்?

ஒரு விஷயம் சொன்னால் திட்டக் கூடாது. வந்த பதினாலு நாளுக்குள் போலீஸ் கமிஷனர் ஆபீஸில் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும் என்று விசா ஏஜெண்ட் சொன்னானே, நான் போகவில்லை. காக்ஸ் டவுனில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே உங்களுக்கு மாலை போட்டவள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பிரயாணத்துக்காக வைத்திருப்பது. அதற்காக நான் போய் வெள்ளைக்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டுமா?

உங்கள் விசா ஃபாரத்தை நிரப்பினீர்களா இல்லையா?

உங்கள்
எப்சி

*

லெஸ்டர்
2 ஏப்ரல் 1999

அன்புள்ள எப்சிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. போலீஸில் பதியாமல் மூன்று மாதமா? உன்னைப் பிடித்துப் பிளேனில் ஏற்றினால் ஞானராஜ் வந்து மறிப்பானா? முதலில் போய்ப் பதி. விதி என்றால் விதி. என் மாமன் கதை உனக்குத் தெரியாதா?

இங்கே நான் ஒவ்வொரு கவுண்டராக ஏறி இறங்குகிறேன். இந்தியாவில் குடியேறினால், இங்கிருந்து கிளம்புகிற நாளில் பென்ஷன் எவ்வளவோ அதுவேதான் சாகிற வரைக்கும், வருஷா வருஷம் ஏறாதாம். மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நம் டாக்டரம்மா தன் இலவச வைத்தியப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டுமாம். உன் பெயர் இன்னும் இருக்கிறது, அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பெங்களூரில் செல்லுகிற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கேட்டேன். அறுபத்தைந்து வயது, சர்க்கரை என்றதும் அந்தப் பெண் மிகவும் மரியாதையாக டெலிபோனை வைத்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் கிட்னி கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது என்று வந்திருக்கிறது. நீ உடனே நர்ஸ் ஆகிவிடாதே. பெரிய டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

ரயில்வே கேட் மணியைப் பற்றி எழுதினாயே, இன்னும் அதே மணிதானா?

அன்புடன்
தியோடர்

*

லிங்கராஜபுரம்
16 செப்டம்பர் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூன் என்றீர்கள், ஆகஸ்ட் என்றீர்கள், இப்போது கிறிஸ்துமஸ் என்கிறீர்கள். உங்களுக்காக வாங்கிய சாய்வு நாற்காலியில் விஜி துணி காயப் போடுகிறாள்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் நான் ஓட்டுப் போட்டேன்.

ஓட்டர் லிஸ்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் ஞானராஜ், "எங்க அக்காவும் இந்த வீடுதான், எழுதிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறான். ரேஷன் கார்டிலும் ஏற்றியிருக்கிறான். எனக்குத் தெரியவே தெரியாது. தேர்தல் அன்று விஜி புடவை மாற்றிக்கொண்டு வந்து கூப்பிட்டாள். ஸ்கூலில் நீள வரிசை. என் பெயரை உரக்கப் படித்தார்கள், "எப்சிபா" என்று, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். லெஸ்டரில் எந்த வார்டிலும் யாரும் அதைச் சரியாகச் சொன்னதில்லை. விரலை நீட்டிவிட்டேன். தப்பு என்று அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை, சத்தியமாக.

நீங்கள் நச்சரித்தீர்களே என்று இரண்டு நாள் கழித்து இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் ஆபீஸுக்குப் போனேன். கோவிந்தப்பா என்று ஒரு அதிகாரி, நல்ல மனுஷன், நம் வயதை எட்டப்போகிறவர். பாஸ்போர்ட்டை வாங்கினவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் மை. ஆறு தடவை சோப்புப் போட்டும் போகாத மை.

"நீங்க ஃபாரினர் கணம்மா. ஃபாரினருக்கு ஓட்டு கிடையாது" என்றார், கன்னடம் கலந்த தமிழில், மெதுவாகத்தான்.

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. ஜெயிலா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஓட்டர் லிஸ்டிலிருந்தும் ரேஷன் கார்டிலிருந்தும் பெயரை எடுக்க எழுதிக்கொடுத்து, அந்த ரசீதோடு வரச் சொன்னார். இத்தனை மாதம் ஏன் பதியவில்லை என்பதற்கும் விளக்கம் எழுத வேண்டும் என்றார். நான் எழுதினேன்: 'நான் வெளிநாட்டவள் என்று எனக்குத் தோன்றவில்லை.' அவர் அதைப் படித்துவிட்டு, இது ஆகாது, விதி தெரியாமல் நடந்தது, மன்னிக்கவும் என்று எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு அனுமதிப் புத்தகம் தந்திருக்கிறார். நம்மைப் போல வெளியே போனவர்களுக்குப் புதிதாக ஏதோ அட்டை வந்திருக்கிறதாம், அது இருந்தால் இந்தத் தொல்லை இல்லையாம். அதன் விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

என் ஊர்ப் பட்டியலில் என் பெயரை அடிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன், அத்தான். ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டான்.

நீங்கள் வந்துவிடுங்கள். இரண்டு வெளிநாட்டவராகவாவது இருப்போம்.

உங்கள்
எப்சி

*

லெஸ்டர்
28 நவம்பர் 1999

அன்புள்ள எப்சிக்கு,

நீ ஓட்டுப் போட்ட கதையை நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் போய்ச் சொன்னேன். ஒரு வாரம் சிரித்தார்கள்.

இனிமேல் எழுதுவதை நான் ஐந்து வாரமாக எழுதாமல் வைத்திருந்தேன். கிட்னி இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஆஸ்பத்திரி வண்டியே வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு காசு கேட்பதில்லை. நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், திரும்பி வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும், மறுநாள் சரியாகிவிடும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஆயுசு முழுக்க. இதை எந்தப் பெட்டியில் வைத்துப் பெங்களூருக்குக் கொண்டுவருவது? விசா வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது.

நான் வரமாட்டேன், எப்சி. வர முடியாது.

நேற்று மெஷினில் படுத்துக்கொண்டு சிவாஜிநகரிலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று விட்டுப்போய்விட்டது. காக்ஸ் டவுனுக்கு முந்தின ஸ்டாப் எது?

தியோடர்

*

லிங்கராஜபுரம்
12 டிசம்பர் 1999

அத்தானுக்கு,

அன்புள்ள என்று போட இன்றைக்கு எனக்கு மனசில்லை. ஐந்து வாரம்! ஆயுசெல்லாம் வார்டில் நின்றவளிடம் மறைக்கிற சமாச்சாரமா இது? ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் 'சளி, கொஞ்சம் அசதி' என்றீர்களே, அன்றைக்கும் கையில் ஊசி குத்தின கட்டோடுதானே பேசினீர்கள்?

அழுது முடித்துவிட்டுக் கிளம்பினேன். மூன்று ஆஸ்பத்திரி ஏறினேன். மெஷின் இருக்கிறது, நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரொக்கம் கட்ட வேண்டும். இங்கே இன்ஷூரன்ஸ்காரரும் வியாதி வருவதற்கு முன்னால் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார். ஞானராஜ் கூட்டிக் கழித்துப் பார்த்தான். இந்த வீட்டை விற்றால் கட்டுப்படியாகும். விற்றுவிட்டு எந்த வீட்டில் குடியிருக்க உங்களைக் கூப்பிடுவது?

அதனால் நான் வருகிறேன். டிக்கெட் விசாரித்துவிட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நீங்கள் விட்டது ரயில்வே கேட் ஸ்டாப் இல்லையா? அது காக்ஸ் டவுனுக்கு அப்புறமா, முன்னாலா? எனக்கே குழப்பமாக இருக்கிறது. வெங்கடராமன் இருந்தால் கேட்கலாம், போய்ச் சேர்ந்துவிட்டார்.

எப்சி

*

லெஸ்டர்
30 ஜனவரி 2000

அன்புள்ள எப்சிக்கு,

வேண்டாம். வராதே.

நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். இந்த ஊர்க் குளிரில் ஒவ்வொரு வருஷமும் ஜன்னல் ஓரமாக நின்று 'அடுத்த வருஷம் வீட்டுக்குப் போய்விடலாம்' என்று சொன்னவள் நீ. நான் சொன்னதில்லை. எனக்கு எங்கே இருந்தாலும் சரிதான், நீ இருந்தால் போதும். உனக்கு அப்படி இல்லை. அந்த மணிச் சத்தம் கேட்கிற ஜன்னலுக்காகத்தான் நீ அத்தனை டியூட்டி பார்த்தாய். நோயாளிகளுக்கு மலச்சட்டி எடுத்து எடுத்து ஓய்ந்தவளை மறுபடி ஒரு நோயாளிக்குச் சட்டி எடுக்கக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. டிப்போ ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். சர்ச்சிலிருந்து சூப் வருகிறது, உப்பே இல்லாமல், உனக்குப் பிடித்த மாதிரி.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா ஆபீஸிலிருந்து உன் பெயருக்கு ஒரு கடுதாசி வந்தது. 'எப்சிபா தியோடர் இன்னும் இந்த விலாசத்தில்தான் வசிக்கிறாரா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. எதில் குறி போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் அதைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். பிறகு 'ஆம்' என்று போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். என் ஆயுசில் முதல் பொய்க் கையெழுத்து. தாய்மாமனை இறக்கிவிட்டவன் செய்த வேலையைப் பார்த்தாயா?

ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர்களுக்கு எழுதித் திருத்திவிடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்
தியோடர்

*

லிங்கராஜபுரம்
19 பிப்ரவரி 2000

என் அன்பான அத்தானுக்கு,

திருத்த வேண்டாம்.

வராதே வராதே என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, என் பெயரை அடிக்க உங்களுக்குக் கை வரவில்லை. இங்கே ஞானராஜ் ஒரு பொய் சொல்லி என் பெயரை ஏற்றினான். அங்கே நீங்கள் ஒரு பொய் சொல்லி என் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். இங்கே அடித்தாயிற்று. மிச்சம் இருக்கிற அந்த ஒரு பட்டியலில் நான் இருந்துகொள்கிறேன். பொய்க் கையெழுத்து என்று ஏன் உளறுகிறீர்கள்? கொஞ்சம் முன்கூட்டிப் போட்டீர்கள், அவ்வளவுதான்.

மார்ச் நாலாம் தேதி பிளேன். உங்களைக் கேட்டு எடுத்த டிக்கெட் இல்லை, எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

நேற்று கோவிந்தப்பாவிடம் போய் அனுமதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வருகிறீர்களா, ஒரேயடியாகவா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, ஒரேயடியாகத்தான் என்றேன். சொல்லும்போது எனக்கு வலித்தது, அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அவர் புத்தகத்தை வாங்கி முத்திரை குத்தி உள்ளே வைத்தார். பிறகு, "விசா இன்னும் இருக்குதும்மா. அவரையும் கூட்டிக்கிட்டு ஒரு வாட்டி வாங்க. வந்தா பதினாலு நாளுக்குள்ள இங்க வந்துடணும், இந்த வாட்டி லேட் பண்ணக் கூடாது" என்றார். வாசல் வரைக்கும் எழுந்து வந்தார்.

மாடிச் சாவியை விஜியிடம் கொடுத்துவிட்டேன். நாற்காலியில் அவள் துணி காயப் போடட்டும். கேட் மணியை ஞானராஜ் டேப்பில் பதிந்து கொடுத்திருக்கிறான். நடுவில் ஒரு ஐஸ் வண்டிக்காரன் கத்துகிறான், பரவாயில்லை. சனிக்கிழமை மெஷினில் படுத்திருக்கும்போது போட்டுக் கேட்கலாம். ஸ்டாப் பெயர்களையும் அப்போது ஒழுங்காகச் சொல்லித் தருகிறேன். நேற்று அந்த ரூட்டில் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம்தான், அத்தான். சாப்பிடுங்கள், தண்ணீரை அளந்து குடியுங்கள், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்ச் முனையில் நான் ஓடி வருவது உங்களுக்குத் தெரிகிறது, இல்லையா?

நான் ஏறுகிறவரைக்கும் விசில் ஊதாதீர்கள்.

உங்கள்
எப்சி