பூதங்களின் அடுக்களை

ஜனவரி 8, 1983

சுரங்கத்திலிருந்து இந்த வாரமும் என் கணவன் டுவேனைக் கூப்பிடவில்லை. அக்டோபரில் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பியதோடு சரி. சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் அவனை எழுப்பிக் குளிக்க வைக்கிறது. நண்பன் ஆர்னி வீட்டுக் கீழறையில் அவனும் தோழி ரோசானும் நானும் பகடை உருட்டி, கற்பனை வீரர்களாகப் பூதங்கள் வாழும் பாதாளக் கோட்டைக்குள் இறங்குவோம். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கோட்டையின் வரைபடத்தை மறைத்து வைத்துக்கொண்டு, எதிரே என்ன வருகிறது என்று சொல்லி டுவேன் ஆட்டத்தை நடத்துவான்.

நானும் ஒரு கோட்டை வரைந்திருக்கிறேன். கட்டம் போட்ட தாளில், மசியால். நாளை டுவேனிடம் காட்டவேண்டும்.

ஜனவரி 9

காட்டினேன்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா வீடு மாதிரில்ல இருக்கு? பூதத்துக்கு எதுக்கு அடுக்களை?"

"சாப்பிட வேணாமா?"

"வீரன் வந்தா வீரனைத் திங்கும்."

"வீரன் வராத நாள்ல?"

சிரித்தான். பிறகு, இரக்கப்பட்டவன் போல, "இதுல யாரும் விளையாட மாட்டாங்க, மார்லிஸ்" என்றான்.

ஜனவரி 12

பேனாவைத் தொடவில்லை.

ஜனவரி 22

எப்படி எழுதுவது இதை.

டுவேன் தடுப்புக்குப் பின்னாலிருந்து வாசித்தான்: "படி இறங்குறீங்க. இடது பக்கம் புகை நாத்தம்." பகடை என் கையிலேயே இருந்துவிட்டது. என் படி. என் புகை.

ரோசான் விடவில்லை. "சமையல் புகைன்னா வெளிய போக வழி இருக்கணுமே. என் ஆளு புகைக்கூண்டுல ஏறுறா." ஏறினாள். காவலறையில் போய் விழுந்தாள். நான் வைத்த வழி அது!

ஆர்னி மேசையைத் தட்டினான். "டுவேன், நீ போட்டதுலயே இதான்யா பிரமாதம்."

"சும்மா தோணுச்சு" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகம் அப்படி மலர்ந்து எவ்வளவு நாளாயிற்று. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேனா? இல்லை, பயமா?

ஜனவரி 23

என் கோட்டையை ஏன் எடுத்தான் என்று கேட்டேவிட்டேன்.

"நீதானே குடுத்த?"

"பார்க்கத்தானே குடுத்தேன்."

கதவு வரை போய்த் திரும்பினான். பிறகு, "எனக்குன்னு மிச்சம் இருக்கறது ஆட்டம் நடத்துற அந்த ஒரு நாற்காலி. அதையும் பிடுங்கணுமா?"

அப்ப எனக்கு மட்டும் என்ன இருக்காம்? நாள் பூரா பல் டாக்டர் வாசல்ல உக்காந்து பேர் எழுதறதா? – இதை அவனிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜனவரி 29

கோட்டைக் கிணற்றில் இரண்டு வாளிகள். ஒன்று சிவப்பு. ரோசான் ஏன் என்றாள். டுவேன் தாளைப் புரட்டினான். அதில் எழுதவில்லை, என் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

"சும்மா சிவப்பு."

"சும்மாவா? இந்தக் கோட்டையில இதுவரைக்கும் சும்மா ஒண்ணுமே இல்லையே."

"நோய்ப்பட்ட பூதங்களுக்குத் தனி வாளி" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

ஆர்னி திரும்பினான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வரைஞ்சது."

எல்லாரும் டுவேனைப் பார்த்தார்கள். "ஆமா, அவ வரைஞ்சதுதான்" என்று எழுந்து மேலே போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ரோசான்தான் என்னை வீட்டில் விட்டாள். பனி கொட்டியது.

பிப்ரவரி 2

சோபாவில் படுக்கிறான். காப்பி மட்டும் எனக்கும் சேர்த்துப் போடுகிறான்.

அவனை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தது உறுத்துகிறது. ஆனாலும் சிவப்பு வாளியைப் பற்றி ஒருத்தி கேட்டாளே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 26

தடுப்புக்குப் பின்னால் இன்று நான். ஆர்னி போனில் கேட்டான், சரி என்றேன். டுவேன் வருவான் என்று நினைக்கவில்லை. தாமதமாக வந்து கோடியில் உட்கார்ந்தான்.

வாளைச் சுழற்றிக்கொண்டு நேராக அடுக்களைக்குள் நுழைந்தான் அவன் வீரன். பகடை கைவிட்டது. கொதிக்கிற கொப்பரையில் விழுந்து செத்தான். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

டுவேன் தன் வீரனின் குறிப்புத் தாளைக் கிழித்தான். பென்சில் கேட்டு, புது ஆள் ஒருவனை எழுதினான்.

"இவன் சண்டை போட வரல. இங்க வேலை ஏதாவது இருக்குமான்னு அந்தப் பூதங்ககிட்ட கேக்கறான்."

பூதத்தின் குரலில் கேட்டேன்: "என்ன வேலை தெரியும்?"

முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பாறை வெட்டுவேன்" என்றான்.