அத்தான் அனுப்பும் வீட்டுப் படங்கள்

செலியமேடு,
9-11-1974

என் அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, தேவதாயின் துணையை வேண்டி அல்போன்சா எழுதிக்கொண்டது. இங்கு மாமா, பிள்ளைகள், நான் எல்லோரும் சுகம். வீடுதான் சுகமில்லை.

வீட்டு வேலை முடிந்ததும் பட்டாளத்தை விட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதினீர்கள். அதை நம்பித்தான் உங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் கைவைக்கச் சம்மதித்தேன். ஆனால் பிரான்சிலிருந்து மாதம் ஒரு படம் வரைந்து அனுப்பினால் வேலை எப்படி முடியும்? சமையலறையைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள், கொண்டுவந்தோம். அடுத்த படத்தில் கூடம், வந்தவர்கள் உட்காரும் ‘சலோன்’ ஆகிவிட்டது. அடுப்பு இப்போது முற்றத்தில். மழை பெய்தால் குழம்பு பெருகுகிறது. கொத்தனார் பக்கிரி நம் ரேஷன் கார்டில் தன் பேரையும் சேர்க்கச் சொல்வார் போலிருக்கிறது.

மாமாவுக்கு முழங்கால் முடியவில்லையே என்று வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டச் சொன்னீர்களே, அந்தக் கூத்தைக் கேளுங்கள். வெள்ளை டைல்ஸ் பதித்து அறை பளபளவென்று ஆயிற்று. கக்கூஸ் பீங்கான் மட்டும் வந்து சேரவில்லை. கூடத்துச் சுவரை இடிக்கும்போது தூசி படக்கூடாதென்று பக்கிரி மாதா சுரூபத்தைப் பயபக்தியோடு தூக்கிப்போய், அங்கே சோப்பு மாடத்தில் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் செபமாலை நம் வீட்டு முறை. நான் மாட்டைக் கட்டிவிட்டு வருவதற்குள் தெருவே அந்த வாசலில் முழங்காலிட்டிருக்கிறது. உங்கள் தங்கை இன்பமேரி, “அண்ணன் மாதாவுக்குன்னு தனி ரூமே கட்டிகீறாரு” என்று கண்ணைத் துடைக்கிறாள். நானும் முழங்காலிட்டேன்.

பிறகு பீங்கான் வந்தது, பொருத்தியும் ஆயிற்று. மாமா உள்ளே கால் வைக்க மறுக்கிறார். “மாதா இருந்த எடத்துல, இன்னா பேச்சு பேசுற நீ?” என்று என்னைத்தான் திட்டுகிறார். வலிக்கிற காலோடு கம்பை ஊன்றிக்கொண்டு பழையபடி சவுக்குத் தோப்புக்கே போகிறார். இன்பமேரியோ மெழுகுவத்தியோடு வந்து கதவைத் தட்டுகிறாள். நீங்கள் எதிரில் நின்று சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள். கடிதத்தில் எழுதி அடங்குகிற விஷயமா இது?

இந்தத் தடவை வந்த படத்தில் வாசலை ஒட்டி ‘விருந்தாளி அறை’ என்று போட்டிருந்தீர்கள். பக்கிரி அதைத் தொட்டுக் காட்டி, “இது ஆருக்கும்மா?” என்று கேட்டார். நானும் எண்ணிப் பார்த்தேன். நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் பாகூரிலும் தவளக்குப்பத்திலும் இருக்கிறார்கள். சாப்பிட்டுக் கைகழுவியதும் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். எப்போதோ ஒருமுறை பெட்டியோடு வந்து, ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகிறவர் நீங்கள் ஒருவர்தான். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அந்த அறை வேண்டாமென்று பக்கிரியிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் படம் அனுப்பாதீர்கள், நீங்கள் வாருங்கள். திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் வாருங்கள். சுவர் எங்கே இருந்தாலும் உங்களுக்குப் படுக்க இடம் என் பக்கத்தில் இருக்கிறது. தேவதாய் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
அல்போன்சா