வடித்த கூழ்

மச்சான்,

நேற்று கீரிக் கடற்கரையில் பெடியன்கள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டும் புளியும் கொதிக்கிற அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்கோ அண்ணை, ஒரு கோப்பை குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று புளுகிவிட்டு வந்தேன்.

உனக்கு ஒப்பரேஷன் நடந்த அந்த வருடம் நீ ஒரு கதிரைக்குள் அடங்கமாட்டாய். வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவாய். பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது நீ மட்டும் பின் வாங்கில் உட்கார்ந்து தலை குனிந்தபடி இருப்பாய். இதய வருத்தத்தைவிட அந்த வெட்கம்தான் உன்னைத் தின்றது. கொழும்பு டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இந்த எடையை இந்த இதயம் அதிக காலம் தாங்காது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்தால் எடை இறங்கும், இதயத்துக்கும் இளைப்பாறக் கிடைக்கும். ஆனால் இவ்வளவு பலவீனமான இதயத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. உன் மனைவி றீற்றா அழுதாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"இருந்தாலும் சாவு, படுத்தாலும் சாவு. படுத்துப் பாப்பம் மச்சான்."

ஒப்பரேஷனுக்கு முன் இரண்டு கிழமை நீராகாரம் மட்டும் என்று தாளில் எழுதித் தந்தார்கள். நான்காம் நாள் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கூழும் நீர்தானே என்று என் பெரிய மூளை சொன்னது. வீட்டில் காய்ச்சி, நண்டு, இறால், மீன் எல்லாவற்றையும் துணியில் வடித்து, சட்டப்படி நடக்கிறவனைப் போல உனக்குக் கொண்டுவந்தேன். றீற்றா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து மூன்று நாள் குடித்தாய். அதே தாளில் உப்பைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

அடுத்த நாள் கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு இழுத்தாய். ஆஸ்பத்திரியில் டொக்டர், "இவ்வளவு உப்பு எங்கையால வந்தது? நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிருக்கு" என்று கத்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கில் குழாயோடு கிடந்த நீ சொன்னாய்: "நான்தான் டொக்டர், ஆசையில களவாக் குடிச்சனான்."

ஒப்பரேஷன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதமும் நான் நித்திரை கொள்ளவில்லை. நீ செத்திருந்தால் கொன்றவன் நான்தான்.

நீ சாகவில்லை. ஒப்பரேஷன் மேசையிலிருந்து உயிரோடு வந்தாய். கோழிக்குஞ்சைப் போல மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு எழும்புகிறவனானாய். எடை இறங்க இறங்க மூச்சும் வந்தது. அடுத்த திருநாள் பூசையில் நீ முழந்தாளிட்டதைப் பார்த்து நான் தேம்பி அழுதேன். பூசை வைத்த சுவாமியும் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடம் ஒவ்வொரு பின்னேரமும் உன் வீட்டில் றீற்றாவின் கையால் தேத்தண்ணி குடித்தேன். ஒவ்வொரு நாளும் அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

நீ கண்மூடி, உன் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகு, கடைசியில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே சொல்லிப்போட்டார். 'அவனுக்குக் காட்டிக்கொள்ளாத, பிறகு வெக்கத்தில வீட்டுப் பக்கம் வரமாட்டான்' எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர்."

உன்னை இழந்துவிடுவேன் என்று நான் பயந்த அந்த நாளில், மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த நீ, என்னை இழந்துவிடுவாய் என்று பயந்திருக்கிறாய், மச்சான். அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களைக் கழிக்கிறேன்.