யெசேனியாவுக்கு எழுதிக் கொடுத்த நன்றி

அம்மா,

சோறு றைஸ் குக்கரில் இருக்கிறது, பருப்பைச் சூடாக்குங்கள். சின்ன மாமாவைப் பற்றி ஊரில் அகதி முகாமிலிருந்து யாராவது கோல் எடுத்தால் உடனே பேக்கரி மார்த்தா அன்ரியின் செல்லுக்கு அடியுங்கள். நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

"சண்டை முடிஞ்சு ஒரு கிழமை ஆகேல்ல. சனம் செத்துக் கிடக்குது, உனக்கு ஸ்பானிஷ்காரரின்ர கொண்டாட்டமோ?" என்று காலையில் கேட்டீர்கள். அதற்குப் பதிலை எழுதி வைக்கிறேன்.

நான் ஆடிப்பாடப் போகவில்லை. பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதானால் அவர்கள் எங்கள் சாமத்தியவீடு போல ஒன்று செய்வார்கள். அதில் மார்த்தா அன்ரியின் மகள் யெசேனியா எல்லோருக்கும் முன்னால் தன் தாய்க்கு ஸ்பானிஷில் நன்றி சொல்ல வேண்டும். இங்கே பிறந்தவள். தாய் ஸ்பானிஷில் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில்தான் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தை விட்டபின் அவர்களுடைய பேக்கரியில் இரண்டு வருடம் வேலைக்கு நின்ற எனக்கு அவளைவிட ஸ்பானிஷ் வரும். எழுதிக் கொடுத்தது நான்தான். பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுக்கவும் வேண்டும்.

"உதென்ன களவு எழுத்து? ஆருக்கடி?" என்று நீங்கள் பறித்து வைத்திருக்கும் கொப்பியில் இருப்பது அதுதான். நான் பாடமாக்கத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த ஸ்பானிஷ்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

சுகிர்தா

மறந்துபோனேன். மார்த்தா அன்ரி வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த நன்றியில் பனியில் பஸ்ஸுக்கு நிற்பது, வீங்கின காலோடு வந்தும் முதலில் "சாப்பிட்டியோ" என்று கேட்பது எல்லாம் உங்களைப் பார்த்து எழுதியது. யெசேனியாவுக்கு அது தெரியாது.