குளிர்ந்த பிளக் வரும்வரை பொறு

அக்கா,

கார் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதே. அது என் பையில் இருக்கிறது. நீ வாங்கி வைத்த நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் என்னிடம்தான். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

இந்த பிளக் தப்பு என்று நான் சொன்னதற்கு, "நாலு நாள் சாயங்கால மெக்கானிக் வகுப்புக்குப் போயிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியாடி?" என்று நேற்று கேட்டாய். எனக்கும் அதே சந்தேகம்தான். அதனால் பிளக் விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டேன். கம்பெனிகளின் பிளக் எண் அட்டவணையைப் பார்த்தேன். மறுபடி அவரிடமே கேட்டேன். "ஏம்மா, இப்பதானே சொன்னேன்?" என்றார்.

உன் பழைய பிளக் கம்பெனியில் எண் கூடினால் குளிர்ச்சி, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். நீ இப்போது வாங்கியது வேறு கம்பெனி. அங்கே எண் கூடினால் சூடு; நீ பழைய பழக்கத்தில் பெரிய எண்ணை எடுத்துவிட்டாய். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, சூட்டை வெளியே விடாத இதை மாட்டியிருந்தால், தீப்பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு உன் செல்ல ரோட்டரி எஞ்சின் உடைந்திருக்கும். நல்லவேளை, நீ இன்னும் மாட்டவில்லை. நான் சொன்னதுதான் சரி, அக்கா. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வகுப்பு முடிந்ததும் சரியானதை மாற்றி வாங்கி வருகிறேன். சேர்ந்தே மாட்டலாம்.

மறந்துவிட்டேன்: குளிர்ந்த பிளக்கோடு கடைத்தெருவரை மட்டும் போய்வந்தால் கரி பிடிக்கும். நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

இன்னொன்று: ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டாய், தெரியும். ஆனாலும் போகும்போது நான்தான் ஓட்டுவேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது.