தண்ணீர் கேட்கும் வேலை

திருவனந்தபுரம்
1954 ஜூலை, புதன்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம்தான்; மழைதான் விட்டபாடில்லை. வேலையில்லாதவர்களைக் கணக்கெடுக்கும் என் தற்காலிக உத்தியோகம் இந்த மாதம் முழுக்கச் சாலைக் கடைத்தெருப் பக்கத்தில்.

போன வாரம் ஒரு வீட்டில் வழக்கம்போல, "வேலை உண்டுமா?" என்று கேட்டேன். மனைவி பக்கத்தில் நிற்க, அந்த மனிதர், "உண்டே! அரிசி மண்டியில கணக்கெழுதுகேன்" என்றார். எழுதிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாள் உள்ளே போனதுதான் தாமதம், அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மண்டியில ஆளைக் குறைச்சாச்சும்மா. காலையில சோத்துப் பொதியோட எறங்கி, தம்பானூர் ஸ்டேஷன்ல போய் இருக்கேன். அவ அறியண்டாம்."

எழுதியதை அடித்துத் திருத்தினேன். அதற்கு முன் எத்தனை வீடுகளில் பொய்யை வாங்கிக்கொண்டு வந்தேனோ! வீட்டு ஆட்கள் முன்னால் ஆண்களிடம் இதைக் கேட்கக் கூடாது என்று எங்கள் அதிகாரிகள் ஒருவரும் சொல்லித்தரவில்லை. இப்போது தாகம் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டிலும் தண்ணீர் கேட்கிறேன்.

உங்கள் கடிதங்கள் வந்தன. கூரை ஓட்டுக் கம்பெனியில் வேலை மும்முரம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். முன்பெல்லாம் உங்கள் மானேஜரைத் திட்டாமல் ஒரு கடிதமும் வராது. இப்போது அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

சனிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் வருகிறேன். வந்ததும் மாமியிடம் தண்ணீர் கேட்பேன். மாமிக்கு மூட்டுவலி, மெதுவாகத்தான் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி