கொதிக்கிற டிரம்மில் கொட்டிய சோளம்

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். இன்று என்சைம் கலந்த மக்காச்சோள மூட்டையைப் பிரித்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் அந்தப் புளித்த மாவு வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து உன் நினைப்புதான்.

காலையில் பன்றிக்குட்டி விற்கிறவருக்கு, எத்தனை வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டும். நீ இல்லாமல் எடுக்கப்போகிற முதல் பேட்ச். கைக்குழந்தையோடு தனியாக முடியுமா என்று ஊரே கேட்கிறது. அவர்களுக்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன்.

அதியமான்கோட்டையில் நாம் கொட்டகை போட்ட அன்று, என் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாரே. “படிச்ச புள்ளைங்க பண்ற வேலையா இது?”

“பன்னி டிகிரி சர்டிபிகேட்டெல்லாம் கேக்காதுங்க அத்தை” என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. குட்டிகள் எடை போடாவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

எடை போடவில்லை. தின்ற சோளம் பாதி அப்படியே கழிவோடு வந்தது. பன்றிக் குடலால் பிரிக்க முடியாததை என்சைம் பிரித்துக் கொடுக்கும், தீனி வீணாகாது என்று உயிர்வேதியியல் படித்த நான் உனக்கு வகுப்பே எடுத்தேன். மூட்டை வந்தது. மூன்று வாரம் போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாந்தியும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கம் பன்றித் தீனி என்றால் வேகவைத்துத்தான் பழக்கம். தொப்பூர் ஓட்டல்களின் மிச்சம் டிரம்மில் கொதிக்கும். அந்தக் கொதியிலேயே சோளத்தையும் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிண்டிக்கொண்டிருந்த நீ சட்டென்று நிறுத்தினாய்.

“ஏண்டி, என்சைம் சூடு பட்டா செத்துடும்னு ஹாஸ்டல்ல என்னை உக்கார வெச்சு ஒப்பிச்சியே, அது வேற என்சைமா?”

தமிழ் இலக்கியம் படித்தவள் நீ. நான் கொட்ட எடுத்த சோளத்தைக் கீழே வைத்தேன்.

“உங்க மேடத்துக்குத் தெரிஞ்சா குடுத்த மார்க்கைத் திருப்பி வாங்கிடுவாங்கடி!”

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து டிரம் ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே சோளம் கலந்தோம். அடுத்த மாதம் ஒரு குட்டியைத் தராசில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மாமியார் முந்தானையை இறக்கிவிட்டு, “அந்தக் கறுப்பு என்னமா தேறிடுச்சு!” என்றார்.

அந்த பேட்ச் விற்கும்வரை இருந்தாய். பாப்பாவைப் பார்க்க இருக்கவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான், திரும்பவே இல்லை.

உன்னிடம் ஒப்பித்தால்தான் என் தப்பு எனக்குத் தெரிகிறது. இன்னமும் தீனி கலக்கும்போதும், பாப்பாவுக்கு மருந்து ஊற்றும்போதும், வாய்க்குள் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். இன்று மாமியார் பார்த்துவிட்டார்.

“யாருகிட்ட பேசற?”

சொன்னேன். அவர் பாப்பாவை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, “அவளுக்கும் சேத்து எடு. இவளை நான் பாத்துக்கறேன்” என்றார்.

உன் பங்கையும் சேர்த்துப் பத்துக் குட்டி என்று சொல்லப்போகிறேன். இதில் எங்கேயாவது தப்பிருந்தால் சொல்லுடி. சீக்கிரம் பதில் போடு.